நகலெடுப்பதா, மறுபடி செய்வதா? ரெப்ளிகேஷன் துறைக்குத் துறை எப்படி மாறுகிறது

"ரெப்ளிகேஷன் நின்றுவிட்டது" என்று ஒருவர் சொன்னால் அது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? சொல்பவர் யார் என்பதைப் பொறுத்தது. வைரஸுக்கு எதிரான மருந்தைச் சோதிப்பவருக்கு அதைவிட இனிய செய்தி கிடையாது. தரவுத்தள நிர்வாகிக்கோ அது தூக்கத்தைக் கெடுக்கும் செய்தி. உளவியல் ஆய்வாளர் ஒருவர் "ரெப்ளிகேஷன் தோற்றுவிட்டது" என்றால், முன்பு யாரோ வெளியிட்ட முடிவு ஆட்டம் கண்டுவிட்டது என்று பொருள். பயிர்ச் சோதனை நடத்தும் ஆராய்ச்சியாளர் "இதில் எத்தனை ரெப்ளிகேஷன்?" என்று எண்ணிக்கையாகவே கேட்பார்.

இந்தப் பயன்பாடுகளை எல்லாம் ஒரே வரையறைக்குள் அடக்க முயல்வது வீண் வேலை. இரண்டு குடும்பங்களாகப் பிரித்துக்கொண்டால் தெளிவு பிறக்கும். முதல் குடும்பத்தில் ஒரு பொருளோ தகவலோ நகலெடுக்கப்படுகிறது: மரபணு, வைரஸ், தரவுத்தளம். இரண்டாவது குடும்பத்தில் ஒரு செயல் மறுபடி செய்யப்படுகிறது: ஆய்வு, அளவீடு, பயிர்ச் சோதனை. நகலெடுப்பதில், நகல் மூலத்தை எவ்வளவு ஒட்டி நிற்கிறதோ அவ்வளவு நல்லது. மறுபடி செய்வதில், இரண்டாவது முயற்சி முதல் முயற்சியை எவ்வளவு சாராமல் நிற்கிறதோ அவ்வளவு மதிப்பு. இந்த இரண்டு எதிர்பார்ப்புகளையும் ஒன்றாக எண்ணிவிடுவதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன.

உயிர் தன்னை நகலெடுக்கும் விதம்

1953ல் ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்டபோதே, அது நகலெடுக்கப்படும் வழியும் அந்த அமைப்புக்குள் ஒளிந்திருப்பதைக் கவனித்துக் குறிப்பிட்டிருந்தார்கள். டிஎன்ஏ இரண்டு இழைகளால் ஆனது. ஓர் இழையில் அடினைன் இருந்தால் எதிர் இழையில் தைமின்தான் இருக்கும். குவானைன் இருந்தால் எதிரே சைட்டோசின். ஆகவே ஒரு இழையைப் படித்தாலே மற்ற இழையை எழுதிவிடலாம். இழைகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் புதிய துணை இழையைக் கட்டினால் ஒரு மூலக்கூறு இரண்டாகிவிடும்.

ஆனால் இது அப்போது ஓர் ஊகம் மட்டுமே. பழைய இரட்டை இழை அப்படியே இருக்க, முழுக்கப் புதிதாக இன்னொரு இரட்டை இழை உருவாகலாம். பழையதும் புதியதும் துண்டு துண்டாகக் கலந்தும் போகலாம். எது உண்மை என்பதை மேத்யூ மெசெல்சனும் பிராங்க்ளின் ஸ்டாலும் 1958ல் வெளியிட்ட சோதனை காட்டியது. உயிரியலில் இதைவிட அழகான சோதனை ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் நான் வெகுநேரம் யோசிக்க வேண்டியிருக்கும்.

அவர்கள் ஈ. கோலை பாக்டீரியாவை, சற்றுக் கனமான நைட்ரஜன்-15 மட்டுமே உள்ள ஊடகத்தில் பல தலைமுறைகள் வளர்த்தார்கள். அதன் டிஎன்ஏ முழுவதும் கனமாகிவிட்டது. பிறகு சாதாரண நைட்ரஜன்-14 உள்ள ஊடகத்துக்கு மாற்றினார்கள். இனி உருவாகும் ஒவ்வொரு புதிய இழையும் லேசானதாகவே இருக்கும். தலைமுறைதோறும் சிறிது எடுத்து, சீசியம் குளோரைடு கரைசலில் இட்டு, அதிவேக மையவிலக்கு இயந்திரத்தில் மணிக்கணக்காகச் சுழற்றினார்கள். டிஎன்ஏ தன் அடர்த்திக்கு ஏற்ற உயரத்தில் ஒரு பட்டையாகப் படிந்து நின்றது. முதல் தலைமுறைக்குப் பிறகு ஒரே ஒரு பட்டை, கனத்துக்கும் லேசுக்கும் நட்டநடுவில். பழையது அப்படியே இருந்திருந்தால் கனமான பட்டை ஒன்றும் லேசான பட்டை ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும். எனவே அந்தக் கருத்து அடிபட்டுப்போனது. இரண்டாவது தலைமுறையில் நடுப்பட்டை ஒன்றும் லேசான பட்டை ஒன்றும் தெரிந்தன. துண்டு துண்டாகக் கலந்திருந்தால் பட்டை ஒன்றாகவே இருந்து மெல்ல லேசான பக்கம் நகர்ந்திருக்கும், அதுவும் நடக்கவில்லை. ஆக, ஒவ்வொரு புதிய டிஎன்ஏவிலும் பாதி பழைய இழை, பாதி புதிய இழை.

அதாவது, டிஎன்ஏ இரட்டிப்பானபின் "இது மூலம், இது நகல்" என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டிலும் பழையது இருக்கிறது, இரண்டிலும் புதியது இருக்கிறது. மற்ற துறைகளில் நகலெடுப்பது பற்றிப் பேசும்போது மனதில் தோன்றும் படம் இங்கே பொருந்தாது.

அடுத்து, பிழை. மனித உயிரணு ஒன்று பிரிவதற்கு முன் சுமார் 600 கோடி கார இணைகளை (அடினைன்–தைமின் போன்ற ஜோடிகளை; இவற்றை மரபு எழுத்துகள் எனலாம்) நகலெடுக்க வேண்டும். இதைச் செய்யும் பாலிமரேஸ் நொதி தனியாக விடப்பட்டால் ஏறக்குறைய லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் தவறான எழுத்தைச் சேர்த்துவிடும். அந்த வீதத்தில் போனால் ஒவ்வொரு பிரிவுக்கும் பல்லாயிரம் பிழைகள் சேரும். ஆனால் நொதி தான் சேர்த்த எழுத்தைத் தானே சரிபார்க்கிறது. பொருந்தவில்லை என்றால் பின்வாங்கி அதை வெட்டியெறிந்துவிட்டு மீண்டும் சேர்க்கிறது. அதையும் தாண்டித் தப்பும் பிழைகளை வேறொரு பழுதுபார்க்கும் அமைப்பு பின்னாலேயே வந்து திருத்துகிறது. இறுதியில் மிஞ்சுவது 100 கோடி எழுத்துகளுக்கு ஒரு பிழை, அல்லது அதிலும் குறைவு. டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் வழிமுறைகளைக் கண்டறிந்த தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச், அசீஸ் சஞ்ஜார் மூவருக்கும் 2015ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இத்தனை காவலையும் மீறி நிலைத்துவிடும் பிழைகளில் சில புற்றுநோய்க்கு வழி திறக்கின்றன. வேறு சில, தலைமுறைகளைக் கடந்து பரிணாமத்துக்கு மூலப்பொருள் ஆகின்றன. நகல் ஒருபோதும் பிழைபடாதிருந்தால் உயிர்களில் வகைகளே தோன்றியிருக்காது.

வைரஸ்களில் இந்தக் கணக்கே வேறு. எச்ஐவி தன் ஆர்என்ஏவை (டிஎன்ஏ போலவே மரபுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு) டிஎன்ஏவாக மாற்றப் பயன்படுத்தும் நொதிக்குச் சரிபார்க்கும் திறன் இல்லை. அதனால் ஒரே நோயாளியின் உடலுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று சற்று மாறுபட்ட வைரஸ்கள் பெருகுகின்றன. ஒரு மருந்துக்கு அடங்காத வடிவம் எளிதில் முளைத்துவிடுகிறது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை முறை வந்ததற்கு இது முக்கியமான காரணம். கொரோனா வைரஸ்களோ ஆர்என்ஏ வைரஸ்களில் விதிவிலக்கு: சுமார் 30,000 எழுத்துகள் கொண்ட நீண்ட மரபுத்தொகுதியைச் சுமப்பதால், பிழை திருத்தும் நொதி ஒன்றைத் தம்மோடு வைத்திருக்கின்றன.

வைரஸ் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்துகள் பலவும் இந்த நகலெடுப்பு இயந்திரத்தைத்தான் குறிவைக்கின்றன. அக்கியும் சின்னம்மையும் உண்டாக்கும் வைரஸ் குடும்பத்துக்குத் தரப்படும் அசைக்ளோவிர் ஒரு போலி எழுத்து. வைரஸின் நொதி அதை உண்மையான குவானைன் கட்டு என்று நம்பி இழையில் சேர்த்துவிடும். ஆனால் அடுத்த எழுத்தை ஒட்டுவதற்கான இடம் அதில் இல்லை. இழை அங்கேயே நின்றுவிடும். வைரஸ் தொற்றிய உயிரணுவில் உள்ள வைரஸின் சொந்த நொதிதான் மருந்தை முடுக்கிவிடுகிறது என்பதால் மற்ற உயிரணுக்களுக்குச் சேதம் குறைவு. இத்தகைய மருந்துகளை வடிவமைக்கும் வழியைக் காட்டியவர்களில் ஒருவரான கெர்ட்ரூட் எலியன் 1988ல் நோபல் பரிசு பெற்றார்.

இதே கேள்வியைக் கணிதம் வழியாகவும் ஒருவர் அணுகியிருந்தார். தன்னைத் தானே உருவாக்கிக்கொள்ளும் இயந்திரம் சாத்தியமா என்று 1940களின் இறுதியில் ஜான் வான் நியூமன் ஆராய்ந்தார். இயந்திரத்துக்குள் அதன் வரைபடம் இருக்க வேண்டும். அந்த வரைபடத்துக்கு இரண்டு வேலைகள்: ஒரு முறை அதைக் கட்டளையாகப் படித்துப் புதிய இயந்திரத்தைக் கட்ட வேண்டும்; இன்னொரு முறை அதன் பொருளைப் பார்க்காமல் எழுத்துக்கு எழுத்து படியெடுத்துப் புதிய இயந்திரத்துக்குள் வைக்க வேண்டும். உயிரணுவில் டிஎன்ஏ இந்த இரண்டு வேலைகளையும்தான் செய்கிறது என்பது சில ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தது. ஆய்வகத்தைத் தொடாமல், தர்க்கத்தை மட்டும் துணைக்கொண்டு ஒருவர் உயிரின் அடிப்படை ஏற்பாட்டை முன்கூட்டியே கண்டார் என்பது இன்றும் வியப்பூட்டுகிறது.

சர்வர்களில் நகல்கள்

கணினித் துறையில் ரெப்ளிகேஷன் என்றால் ஒரே தரவைப் பல சர்வர்களில் வைத்திருந்து, அவற்றை ஒன்றுபோல் பேணுவது. ஒரு சர்வர் பழுதானால் இன்னொன்று கைகொடுக்கும். படிக்க வருபவர்களின் சுமையையும் பகிர்ந்துகொள்ளலாம். பொதுவாக ஒரு முதன்மைச் சர்வர் மாற்றங்களை ஏற்கும். மற்றவை அதன் மாற்றப் பதிவைப் பின்தொடரும்.

இங்கே பிரச்சினை நேரம். முதன்மைச் சர்வர் எல்லா நகல்களும் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தால் பாதுகாப்பு அதிகம், வேகம் குறைவு. காத்திருக்காமல் "முடிந்தது" என்று சொல்லிவிட்டால் வேகம் கூடும். ஆனால் நகல்கள் சற்றுப் பின்தங்கும். இணையத்தில் உங்கள் படத்தை மாற்றிய கையோடு பக்கத்தைத் திறந்தால் பழைய படமே தெரிவது சில சமயம் இந்தப் பின்தங்கலால்தான்: எழுதியது ஒரு சர்வரில், படித்தது இன்னும் செய்தி எட்டாத வேறொரு சர்வரில். சர்வர்களுக்கு இடையே தொடர்பே அறுந்துபோனால் இன்னும் சிக்கல். அப்போது, சரியான பதிலைத் தர முடியாதென்று மறுப்பதா, அல்லது பழையதாக இருக்கக்கூடிய பதிலைத் தருவதா என்று தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். எரிக் புரூவர் 2000ல் முன்வைத்த இந்தக் கருத்தை 2002ல் சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் கணித முறையில் நிறுவினார்கள்.

புதியவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: ரெப்ளிகேஷன் வேறு, பேக்கப் வேறு. முதன்மைச் சர்வரில் ஒரு அட்டவணையைத் தவறுதலாக அழித்தால், அந்த அழிப்பும் உண்மையாகவும் விரைவாகவும் எல்லா நகல்களுக்கும் போய்ச் சேரும். வன்தட்டு கெட்டுப்போவதிலிருந்து நகல் காப்பாற்றும். மனிதக் கைப்பிழையிலிருந்து காப்பாற்றாது. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை அந்நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. பின்தங்கிப்போன நகல் சர்வரைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர், அதன் தரவுக் கோப்புறையை அழிப்பதாக எண்ணி முதன்மைச் சர்வரின் கோப்புறையை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. வழக்கமான பேக்கப்களும் சரியாக இயங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தற்செயலாக 6 மணி நேரத்துக்கு முன் எடுக்கப்பட்டிருந்த ஒரு நகலால் மீதியை மீட்க முடிந்தது. மூலத்தோடு உயிர்த்தொடர்பில் இருக்கும் நகல் அன்று உதவவில்லை. மூலத்திலிருந்து விலகி நின்ற நகல்தான் உதவியது.

ஒரு கிலோகிராம் குடும்பம் மாறிய கதை

இரண்டு குடும்பங்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கிலோகிராமைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. 1889 முதல், கிலோகிராம் என்பது பாரிஸுக்கு அருகே செவ்ரே நகரில் கண்ணாடிக் கூடுகளுக்குள் காக்கப்பட்ட ஒரு பிளாட்டினம்–இரிடியம் உருளை. உலக நாடுகளுக்கு அதன் நகல்கள் தரப்பட்டன. நகல்களை அவ்வப்போது மூலத்தோடு ஒப்பிட்டார்கள். நூறு ஆண்டுகளில் நகல்கள் பலவும் மூலத்திலிருந்து சுமார் 50 மைக்ரோகிராம் அளவுக்கு விலகியிருப்பது தெரிந்தது. மூலம் எடை குறைந்ததா, நகல்கள் கூடினவா? அந்தக் கேள்விக்கு விடை காணவே வழியில்லை. ஏனென்றால் வரையறையின்படி மூலத்தின் நிறை எப்போதும் சரியாக 1 கிலோகிராம்.

2019 மே 20 முதல் அந்த உருளை ஓய்வு பெற்றது. இப்போது கிலோகிராம், குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியின் நிலையான மதிப்பை வைத்து வரையறுக்கப்படுகிறது. தகுந்த கருவிகள் உள்ள எந்த ஆய்வகமும், எந்த உருளையையும் பாராமல், எடையை மின்விசையால் ஈடுசெய்து அளக்கும் கிபிள் தராசைக் கொண்டோ தூய சிலிக்கான் கோளத்தைக் கொண்டோ சோதனையை நடத்திக் கிலோகிராமைப் பெறலாம். ஒரு பொருளை நகலெடுத்துப் பரப்பும் ஏற்பாடு போய், ஒரு செயலை யாரும் தனித்து மறுபடி செய்யும் ஏற்பாடு வந்தது. இரு ஆய்வகங்களின் விடைகள் மாறுபட்டால், மூலத்தைத் தொழுதுகொண்டிருக்காமல் பிழை எங்கே என்று தேடலாம்.

ஆய்வை மறுபடி செய்தல்

அறிவியலில் ஒரு முடிவு நிலைபெறுவதும் வீழ்வதும் இப்படி மறுபடி செய்து பார்ப்பதால்தான். 1989ல் ஸ்டான்லி போன்ஸும் மார்ட்டின் பிளைஷ்மனும் அறை வெப்பநிலையிலேயே அணுக்கரு இணைவை நிகழ்த்தியதாக அறிவித்தார்கள்; பல நாடுகளின் ஆய்வகங்கள் முயன்றும் நம்பகமாக அதை மறுபடி காட்ட முடியாததால் சில மாதங்களிலேயே அந்தக் கூற்று வலுவிழந்தது.

ஆனால் எல்லா முடிவுகளும் இவ்வளவு விரைவாகச் சோதிக்கப்படுவதில்லை. பரபரப்பில்லாத ஆயிரக்கணக்கான முடிவுகள் யாரும் மறுபடி செய்து பார்க்காமலே பாடநூல்களுக்குள் போய்விடுகின்றன. 2015ல் பிரையன் நோசெக் ஒருங்கிணைத்த பெரிய குழு ஒன்று, உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளை மறுபடி செய்து முடிவை வெளியிட்டது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க விளைவைக் காட்டியிருந்தன. மறுபடி செய்தபோது 36 சதவீதமே அப்படிக் காட்டின. புற்றுநோய் உயிரியலிலும் இதே கவலை எழுந்தது: 2012ல் ஆம்ஜென் மருந்து நிறுவனத்தின் முன்னாள் ஆய்வுத் தலைவர் கிளென் பெக்லியும் லீ எல்லிஸும், அந்நிறுவனம் மறுபடி செய்து பார்த்த 53 முக்கிய ஆய்வுகளில் 6ஐ மட்டுமே உறுதிப்படுத்த முடிந்ததாக எழுதினார்கள்.

இதற்கு மோசடிதான் காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். உண்மையில் எந்த விளைவும் இல்லாத ஒன்றை 20 குழுக்கள் தனித்தனியே சோதிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான 5 சதவீத அளவுகோலின்படி, சராசரியாக ஒரு குழுவுக்குத் தற்செயலாகவே "விளைவு உண்டு" என்ற விடை கிடைக்கும். அந்தக் குழு கட்டுரை வெளியிடும். மற்ற 19 குழுக்களின் விடைகள் மேசை இழுப்பறைக்குள் உறங்கும். படிப்பவர் கண்ணில் படுவது அந்த ஒரே கட்டுரைதான். ஒவ்வொரு குழுவும் நேர்மையாக நடந்திருக்கும். ஆனாலும் வெளியே வந்தது பொய்.

மறுபடி செய்வதிலும் இரண்டு வழிகள் உண்டு. மூல ஆய்வின் செய்முறையை அப்படியே பின்பற்றுவது ஒன்று. அதே கருத்தை வேறு செய்முறையால் சோதிப்பது மற்றது. தன்னடக்கம் என்பது செலவாகித் தீர்ந்துபோகும் ஆற்றல் என்ற கருத்து 1998 முதல் உளவியலில் செல்வாக்குப் பெற்றிருந்தது. வெவ்வேறு செய்முறைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகள் அதை ஆதரிப்பதாகத் தோன்றின. 2016ல் 23 ஆய்வகங்கள், முன்கூட்டியே அறிவித்த ஒரே செய்முறையை 2,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தியபோது விளைவு ஏறக்குறைய சுழியாக இருந்தது. செய்முறையை மாற்றி மாற்றிச் செய்பவருக்குத் தோல்வி வந்தால், "என் செய்முறை சரியில்லை போலும்" என்று ஒதுக்கிவிட வசதி இருக்கிறது. கருத்தின் மேல் கை வைக்க வேண்டியதில்லை. அதனால்தான் அப்படியே மறுபடி செய்யும் சலிப்பான வேலை இன்றியமையாதது என்று நினைக்கிறேன். அந்த வேலைக்கு இதழ்களில் இடமும் பதவி உயர்வில் மதிப்பும் நீண்ட காலமாகக் கிடைக்காதது பெரிய அநீதி.

இன்னொரு பக்கமும் உண்டு. இரண்டாவது ஆய்வு தோற்றுவிட்டது என்பதாலேயே முதல் ஆய்வு பொய்யாகிவிடாது. இரண்டாவதில் ஆட்கள் குறைவாக இருந்திருக்கலாம், கருவி பிசகியிருக்கலாம், சூழல் மாறியிருக்கலாம். ஒரு தோல்வியைக் கண்டு தீர்ப்பெழுதுவதும், ஒரு வெற்றியைக் கண்டு நம்பிவிடுவதும் ஒரே அவசரம்தான்.

இத்தோடு சேர்ந்து வரும் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். அதே தரவையும் அதே நிரலையும் ஓட்டி அதே விடையைப் பெறுவது ரெப்ரொடியூசிபிலிட்டி. புதிய தரவைத் திரட்டி ஒத்த முடிவைப் பெறுவது ரெப்ளிகபிலிட்டி என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2019 அறிக்கை வரையறுத்தது. கணினி அறிவியலாளர்களின் சங்கமான ஏசிஎம் அதுவரை இவற்றை நேர்மாறாகப் பயன்படுத்திவந்தது, 2020ல்தான் மாற்றிக்கொண்டது. ஆகவே பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது, எழுதியவர் எதைக் குறிக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே சோதனைக்குள் பல முறை

கடைசியாக, அந்த "எத்தனை ரெப்ளிகேஷன்?" கேள்வி. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919ல் பணியில் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்ட் பிஷர், சோதனை வடிவமைப்புக்கு இட்ட அடித்தளங்களில் இது ஒன்று. ஒரு பாத்தியில் புதிய உரம், இன்னொரு பாத்தியில் பழைய உரம். விளைச்சல் வேறுபடுகிறது. காரணம் உரமா, மண்ணா? இரண்டே பாத்திகளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. ஒரே உரம் இட்ட இரண்டு பாத்திகள்கூட ஒன்றுபோல் விளைவதில்லை. ஒவ்வொரு உரத்தையும் பல பாத்திகளில், சீட்டுக் குலுக்கியதுபோல் இடம் மாற்றி இட்டால், ஒரே உரத்துக்குள் இயல்பாக எவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்று தெரியும். உரங்களுக்கு இடையிலான வேறுபாடு அந்த ஏற்றத்தாழ்வைவிடப் பெரிதா என்று அப்போதுதான் கேட்க முடியும்.

இதில் எளிதில் விழக்கூடிய பொறி ஒன்று இருக்கிறது. மீன்களின் வளர்ச்சியை வெப்பம் பாதிக்கிறதா என்று அறிய இரண்டு தொட்டிகள் வைக்கிறோம்: ஒன்று 20 டிகிரி, மற்றது 25 டிகிரி. தொட்டிக்கு 30 மீன்கள். முடிவில் 60 மீன்களை அளந்துவிட்டு "ஒவ்வொரு வெப்பநிலைக்கும் 30 ரெப்ளிகேஷன்" என்று எழுதுகிறோம். அது தவறு. வெப்பநிலை தொட்டிக்குத்தான் தரப்பட்டது, மீனுக்குத் தனித்தனியே தரப்படவில்லை. ஒரு தொட்டியில் நோய் பரவினாலோ வடிகட்டி அடைத்துக்கொண்டாலோ அதிலுள்ள 30 மீன்களும் சேர்ந்தே பாதிக்கப்படும். அதை நாம் வெப்பத்தின் விளைவு என்று படித்துவிடுவோம். உண்மையில் ஒவ்வொரு வெப்பநிலைக்கும் நம்மிடம் இருப்பது ஒரே ஒரு ரெப்ளிகேஷன். சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984ல் இதற்குப் போலி ரெப்ளிகேஷன் என்ற பொருளில் பெயர் சூட்டினார். அவர் அலசிய 176 கள ஆய்வுகளில், புள்ளியியல் சோதனைகளைப் பயன்படுத்தியவற்றுள் ஏறக்குறைய பாதியில் இந்தப் பிழை இருந்தது.

மருத்துவ ஆய்வகங்களிலும் இது அப்படியே பொருந்தும். ஒருவரின் ரத்தத்தை மூன்று குழாய்களில் பிரித்து மூன்று முறை அளந்தால், கருவி எவ்வளவு நிலையாக அளக்கிறது என்பது தெரியும். மூன்று பேரின் ரத்தத்தை அளந்தால், மனிதர்களுக்குள் எவ்வளவு வேறுபாடு என்பது தெரியத் தொடங்கும். இரண்டையுமே ஆய்வறிக்கைகள் ரெப்ளிகேட் என்றுதான் எழுதும். இரண்டிலும் எண்ணிக்கை 3தான். ஒரு கட்டுரையில் அந்த 3ஐப் பார்த்தால், செய்முறைப் பகுதிக்குப் போய் அது மூன்று குழாய்களா, மூன்று மனிதர்களா என்று தேடிப் பாருங்கள்.